ஒரே வீட்டுக்கு இரண்டு அர்ச்சனை

மெல்பனில் வீடு தேடுகிறவர்கள் அறையையோ முற்றத்தையோ பற்றி முதலில் கேட்பதில்லை. எந்த ஸோன் என்றுதான் கேட்பார்கள். ஸோன் என்றால் பள்ளிக்கூடத்தின் எல்லை. அரசாங்கப் பள்ளிக்கூடம்தான், பெரிய கட்டணம் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லைக்குள் குடியிருக்கிற பிள்ளைக்குத்தான் இடம் நிச்சயம். ஆகவே கட்டணத்தை வீட்டு விலையில் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். நாங்கள் ஆசைப்பட்ட பள்ளிக்கூடத்தின் எல்லை ஒரு வீதியின் நடுவால் போனது. வீதிக்கு இந்தப் பக்கம் புது மாடி வீடு, அந்தப் பக்கம் கூரை தொய்ந்த பழைய செங்கல் வீடு. தொய்ந்த வீட்டுக்குத்தான் விலை கூட. முதன்முதல் அதைக் கேட்டபோது எனக்கு விசர்தான் வந்தது.

அப்போது நாங்கள் டண்டினோங்கையும் தாண்டி, புதிதாக வீடுகள் எழும்பிய ஒரு பகுதியில் இருந்தோம். எதிர் வீட்டிலும் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்த வீட்டு அக்கா என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். இரண்டு பேருக்கும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. அவருக்கும் ஒரு மகள், எனக்கும் ஒரு மகள். பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து இரண்டும் ஒரே வகுப்பு. ஒன்றுக்குக் காய்ச்சல் என்றால் மற்றது பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சிணுங்கும். ஹைஸ்கூலுக்கும் ஒன்றாகத்தான் போவோம் என்று தங்களுக்குள் சத்தியம் செய்து வைத்திருந்தார்கள். அக்காவும் நானும் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தைப் பற்றி எத்தனையோ தரம் கதைத்திருக்கிறோம். இரண்டையும் அங்கே சேர்த்துவிட்டால் பிறகு எங்களுக்கு என்ன கவலை என்போம். கதைத்துவிட்டு, எங்களுக்கெங்கே அந்தப் பக்கம் என்று பெருமூச்சும் விடுவோம்.

அந்தக் கதை எல்லாம் நாங்கள் வீடு பார்க்கத் தொடங்கும்வரைதான். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. வேலை மாறினாலும், வயிற்றில் பிள்ளை தங்கினாலும், வீடு வாங்கினாலும், காரியம் கைக்கு வருமட்டும் மூச்சு விடக்கூடாது. விட்டால் கண்ணூறு பட்டுக் காரியம் குழம்பிப்போகும். என் கணவர் தொழிற்சாலையில் மெஷின் பராமரிக்கிறவர். ஒரு மெஷின் ஏன் நின்றது என்று கேட்டால் விஞ்ஞானம் விஞ்ஞானமாகச் சொல்லுவார். இந்த விஷயத்தில் மட்டும் அவர் பச்சைக் கிராமத்தான்.

"வீட்டுத் திறப்புக் கையில வருமட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்," என்றார்.

அக்காவுக்குமா என்று கேட்டேன். அந்த வீட்டு ஆட்களுக்கும்தான் என்றார். எனக்கும் அது பிழையாகப் படவில்லை. முதலில் நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டால், பிறகு அக்காவுக்கு எல்லாம் சொல்லி, எந்த ஏஜென்ட் நல்லவன், எந்த வீதியில் விலை குறைவு என்று விபரம் கொடுத்து, அவர்களையும் அங்கே இழுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. அதை இன்றைக்கும் யார் முன்னாலும் சொல்லுவேன்.

சனிக்கிழமைகளில் வீடுகளைத் திறந்து காட்டுவார்கள். நாங்கள் பூக்கன்று வாங்கப் போகிறோம் என்று எதிர் வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போவோம். அவர்கள் பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிப் போகிறோம் என்பார்கள். அந்தப் பிள்ளையின் தலைமுடி ஒருநாளும் நனைந்து வந்ததில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும்தான் ஒரு பூக்கன்றும் வரவில்லை.

கடைசியில் ஒரு வீடு அகப்பட்டது. எல்லைக்கு உள்ளே, அதுவும் மட்டுமட்டாக. உள்ளே போனால் பழைய கம்பளத்தில் நாய் மணம். குளியலறைக்கு இளஞ்சிவப்பு ஓடு. சமையல் செய்கிற குசினியிலிருந்து சலவை அறைக்குப் போகிற கதவு நிலத்தில் உரசி நின்றது. கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். ஏஜென்ட் பெடியன் வெட்கப்படாமல் இதைத்தான் நல்ல குணம் உள்ள வீடு என்று சொன்னான். குணத்தை வைத்து என்ன செய்வது, இடித்துக் கட்டவும் எங்களிடம் வசதி இல்லை. ஆனால் வங்கி தருவதாகச் சொன்ன தொகைக்குள் அடங்கக்கூடிய ஒரே வீடு அது.

ஏலம் சனிக்கிழமை. முதல் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் ஒரே காரில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போவதுதான் வழமை. அன்றைக்கும் போனோம். நான் மெல்ல நழுவிப் பிள்ளையாரிடம் போய், மகளின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வித்தேன். திரும்பி வரும்போது அக்கா முருகன் பக்கமிருந்து வந்தார். அவர் கையிலும் அர்ச்சனைத் தட்டு. என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்னிடமும் கேட்பார். இரண்டு பேரும் திருநீற்றைப் பூசிக்கொண்டு மண்டபத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து புளிச்சாதம் சாப்பிட்டோம். பிள்ளைகள் இரண்டும் தூணைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன.

ஏலம் வீட்டு வாசலிலேயே நடந்தது. நடைபாதை நிறைய ஆட்கள். பாதிப் பேர் அக்கம்பக்கத்தார், வாங்காமல் சும்மா விடுப்புப் பார்க்க வந்தவர்கள். தங்கள் வீட்டின் விலை எவ்வளவு ஏறும் என்று அறிய அவர்களுக்கு ஆசை. சுற்றும் முற்றும் பார்த்தேன், தமிழ் முகம் ஒன்றும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. தொடக்கத்தில் பலர் கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகத் தலையாட்டிவிட்டு விலகினார்கள். மிஞ்சியது நாங்களும் ஒரு ஃபோனும்தான். ஏஜென்சியில் வேலை செய்கிற ஒரு பிள்ளை வேலியோரம் நின்று, ஃபோனைக் காதில் வைத்து யாருக்காகவோ கேட்டுக்கொண்டிருந்தாள். என் கணவர் கையை உயர்த்துவார். அவள் ஃபோனில் குசுகுசுப்பாள், பிறகு விரலை உயர்த்துவாள்.

நாங்கள் வைத்திருந்த எல்லையை விலை தாண்டிவிட்டது. கணவர் என்னைப் பார்த்தார். அவர் கழுத்தெல்லாம் வியர்வை. விடுவோமா என்று கண்ணால் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. முகம் காட்டத் துணிவில்லாமல் ஃபோனுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறவன் யாரோ பெரிய பணக்காரன், இருக்கிற வீடுகள் போதாமல் இதையும் பிடுங்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். நாசமாய்ப் போவான், இவனுக்கு என்ன தெரியும் ஒரு பிள்ளையைப் படிப்பிக்கிற கஷ்டம் என்று வாய்க்குள் திட்டினேன். கேளுங்கோ என்று கணவரின் முழங்கையில் இடித்தேன். அவர் கேட்டார். அவள் கேட்டாள். திரும்பவும் கேட்டார். கடைசியில் அந்தப் பிள்ளை ஃபோனை இறக்கித் தலையாட்டினாள். சுத்தியல் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. கணவர் முதல் தாளில் தன் பெயரையே பிழையாக எழுதினார். மகிழ்ச்சியாக்கும் என்று ஏஜென்ட் நினைத்தான்.

திறப்புக் கைக்கு வந்த அன்றே அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். இன்ன இடத்தில் வீடு வாங்கிவிட்டோம், பால் காய்ச்சக் கட்டாயம் வரவேண்டும் என்றேன். நல்லது, சந்தோஷம் என்று மட்டும் அவர் சொன்னார். எந்த வீதி, எத்தனை அறை, ஒன்றும் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டதில் கோபம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பால் காய்ச்சுகிற அன்று அக்கா குடும்பத்தோடு வந்தார். தட்டில் வெற்றிலை, பழம், ஒரு சின்னப் பிள்ளையார் சிலை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. எல்லாரும் நல்ல சகுனம் என்றார்கள். நிலத்திலும் ஊற்றுப்பட்டதால் துடைக்க ஏதாவது எடுங்கோ என்று நான் பொதுவாகச் சொன்னேன். அக்கா நேரே சலவை அறைக் கதவிடம் போனார். கைப்பிடியைப் பிடித்து, மேலே தூக்கி, தள்ளித் திறந்தார்.

அந்தக் கதவை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. முதல் தரம் வருகிற எவரும் இரண்டு மூன்று இழுவை இழுத்துப் பார்ப்பார்கள். நான் பின்னாலேயே போனேன்.

"இந்தக் கதவு உங்களுக்கு எப்பிடியக்கா தெரியும்?"

அவர் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ரெண்டு தரம் வந்து பாத்தனாங்கள்."

"ஏலத்தண்டு காணேல்லையே."

"ஃபோனில நிண்டனாங்கள். நேர வந்தால் ஆரும் தமிழாக்கள் கண்டு போடுவினம் எண்டு இவர் சொன்னவர்."

சலவை மெஷினைப் பிடித்துக்கொண்டேன். ஏனக்கா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டபிறகுதான் என்ன கேட்கிறேன் என்று விளங்கியது.

"நீர் சொன்னனீரோ?" என்றார். கோபமாக இல்லை. சும்மா ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டார். பிறகு வெளியே போய்க் குனிந்து பாலைத் துடைத்தார். ஏலத்தன்று அக்காவைத் தவிர வேறு யாரும் எங்களோடு கடைசிவரை போட்டி போடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறந்திருந்தால் அந்த வீடு தொடக்கத்திலேயே ஒருவருக்குப் போயிருக்கும், மற்றவர் அதே வீதியில் இன்னொன்றுக்குப் பார்த்திருக்கலாம். இன்னொன்று இருக்கவும் இருந்தது. எங்களுக்கு நாலு வீடு தள்ளி அடுத்த மாதமே விற்பனைப் பலகை நட்டார்கள்.

அக்கா அதற்கும் முயன்று பார்த்தார். இந்த முறை என்னிடம் சொல்லிவிட்டே முயன்றார். நானும் கூடப் போனேன். ஏஜென்ட் எங்கள் வீடு போன விலையைச் சொல்லித்தான் பேச்சையே தொடங்கினான். அந்த வீதியில் இனி அதற்குக் கீழே ஒன்றும் கிடையாதாம். விற்கிறவர்களும் அதைக் கேட்டுத்தான் பலகை நட்டவர்களாம். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மதிலில் இருந்த தபால் பெட்டியைப் பார்த்தேன். அந்த விலையை ஏற்றியவர்கள் வேறு யாருமில்லை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற நாங்கள் இருவரும்தான். வாடகைக்கும் கேட்டுப் பார்த்தார். வீட்டு விலை ஏற வாடகையும் ஏறியிருந்தது. எங்கள் விலாசத்தைக் கொடுத்து மகளைச் சேருங்கோ என்று நான் கெஞ்சினேன். அப்படிப் பொய் சொல்லிப் பிடிபட்டால் பிள்ளைக்குத்தான் வெட்கம் என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. ஆனாலும் எனக்கு அழுகைதான் வந்தது.

என் மகள் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எங்களைப்போல ஊரெல்லாம் அங்கே வந்து குவிந்ததில் வகுப்பறை போதாமல் மைதானத்தில் கொண்டுவந்து வைத்த தகரக் கொட்டில்களில் படிப்பித்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் அவள் நூலகத்தில் தனியே இருக்கிறாள் என்று ஆசிரியை சொன்னார். கணவர் சனி ஞாயிறும் வேலைக்குப் போகத் தொடங்கினார். வட்டி ஏற ஏற நானும் கிடைத்த ஷிப்ட் எல்லாம் எடுத்தேன். மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்று ஆனது. அக்காவின் மகள் பழைய இடத்துப் பள்ளிக்கூடத்திலேயே சேர்ந்தாள். அங்கே ஒரு கூட்டத்தோடு அவளுக்கு ஒத்துவரவில்லை, பள்ளிக்கூடம் போகவே மறுக்கிறாள் என்று அக்கா வேலையிடத்தில் ஒருநாள் சொன்னார். சொல்லும்போது கட்டில் விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவர் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை செய்யவில்லை.

போன குளிர்காலத்தில் அவர்கள் சிட்னிக்குப் போனார்கள். அக்காவின் தம்பி அங்கே கெல்லிவில்லில் இருக்கிறார். பிள்ளைக்கு இட மாற்றம் நல்லது என்று டொக்டர் சொன்னாராம். வழியனுப்ப நானும் மகளும் போனோம். வீடு முழுக்கப் பெட்டிகள். இருக்கக் கதிரைகூட இல்லை. இரண்டு பிள்ளைகளும் வெறும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் இருந்தார்கள். வெளியே வரும்போது இருவருக்கும் கண் வீங்கியிருந்தது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். கோயிலில் தெரியாத ஆட்களைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தார்.

காரில் வரும்போது மகள் வீட்டுக் கதையை எடுத்தாள். அந்தப் பிள்ளை அவளுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறது. வீடு வாங்கப் போகிறோம் என்று எதிர் வீட்டு அன்ரியிடம் ஏன் சொல்லவில்லை என்று இங்கிலீசில் கேட்டாள். அப்படியான விஷயங்களை முதலே சொல்லக்கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்றேன். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சோதனைக்குப் போகமுதல் அவளுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறவள் நான்தானே.

"ஆரின்ர கண், அம்மா?" என்று தமிழில் கேட்டாள். "அன்ரின்ர கண்ணோ?"

இல்லை என்றேன்.

"அப்ப ஆரின்ர?"

நான் சிக்னல் போட்டு அடுத்த லேனுக்கு மாறினேன். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், அடுத்த நாள் போடவேண்டிய சீருடை காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் குசினிக்குள் போனாள். சலவை அறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்து, அன்றைக்கு அக்கா செய்த மாதிரியே மேலே தூக்கி, தள்ளித் திறந்தாள்.