கூட்டிய றோட்டில் பெய்த முதல் மழை

வானம் கறுத்தால் மற்றவர்கள் கொடியில் கிடக்கும் உடுப்பை எடுக்க ஓடுவார்கள். றோஸ் போத்தல் பெட்டியோடு கானடிக்கு ஓடுவாள். றோட்டு மழைத்தண்ணி ஓடும் அந்தக் கான் நேரே துறைமுகத்துக்குள் விழுகிறது. மழை தொடங்கினால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு போத்தல் தண்ணி பிடிப்பாள். நாலு வருடமாக ஒன்றும் தவறவில்லை. எந்த மழை எவ்வளவு றோட்டுப் புழுதியைக் கழுவிக் கடலில் சேர்க்கும் என்று கணினியில் கணக்குப் போடுபவர் சப்ரினா மிஸ். அந்தக் கணக்குக்குச் சாட்சி றோஸின் போத்தல்கள்.

இம்முறை அறுபது நாள் மழையில்லை. கச்சான் காற்றுப் புழுதி, டயர்த் தூள், ஊருக்குள் திரியும் மான்களின் புழுக்கை எல்லாம் றோட்டில் படிந்து கிடந்தன. இந்த முதல் மழையின் அளவு பிழைத்துப்போனால், கான் வாயில் மண் மறிக்கும் தொட்டி கட்டுவதற்கான அறிக்கை அடுத்த வருடம்தான்.

கானடியில் துப்புரவுத் தொழிலாளி புஸ்பராணி சிரித்துக்கொண்டு நின்றாள்.

"உன்ர மிஸ் வாறா எண்டனி. விடியவே றோட்டைக் கூட்டிப்போட்டம். பாய் விரிச்சுப் படுக்கலாம்."

"அடி பாவி! அந்த ஊத்தைக்காகத்தானே ரெண்டு மாசம் காத்திருந்தனாங்கள்."

"ஊத்தைக்கு ஆரடி காத்திருப்பினம்?"

முதல் துளி விழுந்தது. றோஸ் போத்தலை நீட்டினாள்.

"சொல்லாதயடி, ஏச்சு எனக்குத்தான் விழும்," என்றாள் புஸ்பராணி. "ஆருக்குத் தெரியப்போகுது?"

மிஸ் வருகிறார் என்று வாய்விட்டது தானே என்பது றோஸுக்கு உறைத்தது. கொப்பியை எடுத்து எழுதினாள்: 'காலை ஆறு மணிக்கு றோட்டுக் கூட்டப்பட்டது. கூட்ட வேண்டாம் என்று நான் முதலே சொல்லி வைக்காதது பிழை.'

மூன்றாம் நாள், போத்தல்களின் சேற்றைக் காயவைத்து எடை பார்த்துவிட்டு, சப்ரினா அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

"றோஸ் அக்கா, வடிவாக் கூட்டினவையோ?"

"ஓம் மிஸ். புஸ்பராணி கூட்டினா நெருப்புக்குச்சியும் மிஞ்சாது."

"அப்ப என்ர கணக்குத்தான் பிழை. கூட்டினா முக்கால்வாசி ஊத்தை போயிடும் எண்டு போட்டனான், ஆனா போத்தல்களில கனக்க வந்திருக்கு. விளக்குமாறு மண்ணைத்தான் அள்ளியிருக்கு. மாப்போலக் கிடக்கிற பொடிப் புழுதி அப்பிடியே கிடந்து கடலுக்குப் போயிட்டுது. நீங்கள் இதை எழுதாட்டி, நான் கணக்கில சரியா இருந்த வேற இடத்தைப் பிழையாத் திருத்தியிருப்பன்."

அந்த ஒரு எண்ணை மாற்றியதும் கணினி கீறிய வரைகோடு போத்தல்களின் அளவோடு போய் ஒட்டியது. றோட்டைக் கூட்டினால் மட்டும் போதாது, தொட்டி வேண்டும் என்று அறிக்கை அந்தக் கிழமையே போனது.

றோஸ் புஸ்பராணியிடம் போய்ச் சொன்னாள். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப நாங்கள் கூட்டினது காணாதாமோ?"

"நீ கூட்டினபடியாத்தான் அது தெரிஞ்சது," என்றபடி றோஸ் அடுத்த மழைக்குப் போத்தல்களைக் கழுவத் தொடங்கினாள்.