சித்தியின் சனிக்கிழமைப் பொட்டலம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் சித்தியைச் சந்தேகப்பட்டவர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் அம்மாவும்கூட மீதிப் பாதியில் இல்லை.

சித்தி நம்மை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த மலர் வெளிவருமா என்பதே பல மாதங்கள் நிச்சயமில்லாமல் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் பந்தியில் இருக்கும்போது பெரிய மாமா ஒரு நிபந்தனை போட்டார். "புத்தகம் போடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க. குணவதின்னு நாம எழுதிவச்சு, நாளைக்கு நாலு பேரு சிரிக்கக் கூடாது."

அந்த ஆள் யார் என்று சொல்வதற்கு முன், சித்தியைச் சொல்லிவிடுகிறேன்.

சித்தி பிறந்தது நம் தீவின் ஜெலுத்தோங்கில். தாத்தா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். மூன்று பிள்ளைகளில் மூத்தவர் பெரிய மாமா, அடுத்தவர் என் அம்மா, கடைக்குட்டி சித்தி. தாத்தாவின் முதுகு போய் அவர் வீட்டோடு படுத்துவிட்டதால், பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு சித்தி ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அதே நாற்காலி. பெண் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் "இப்ப வேணாம்" என்று ஒரே பதில். அந்த 'இப்ப' கடைசிவரை முடியவே இல்லை.

அப்படிப்பட்டவர் எழுதியதெல்லாம் காதல் கதைகள்! ஞாயிறு பதிப்பில் தொடர்கதை, பிறகு புத்தகம், கடைசி ஆண்டுகளில் கைப்பேசியில் வாசிக்கும் தொடர். வேலை முடிந்து வந்து குளித்து, ஒரு கோப்பை மைலோவோடு எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை மேசையில் உட்காருவார். எழுதிய வசனத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார். நாயகி பேசினால் மெல்லிய குரல், நாயகன் பேசினால் கட்டைக் குரல். கீழ்வீட்டு அக்கா ஒருநாள் மின்தூக்கியில் அம்மாவை மடக்கினார். "ஒங்க வீட்ல சாயங்காலமானா ஆம்பள கொரல் கேக்குதே, யாரு லா அது?"

"என் தங்கச்சிதான். நாயகனுக்கு இன்னிக்குக் கோவம்" என்றார் அம்மா. கீழ்வீட்டு அக்கா நம்பவில்லை.

உறவினர்கள் சித்தியைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "அவ முன்னாடி வாயத் தொறக்காதீங்க, ஞாயித்துக்கெழம பேப்பர்ல வந்துரும்" என்பது பெரிய மாமாவின் நிரந்தர எச்சரிக்கை. ஒரு தொடரில் வந்த கஞ்ச வீட்டுக்காரர் தாம்தான் என்று மாமா ஒரு தீபாவளிக்கு வராமலே இருந்துவிட்டார். சித்தியே அவர் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொன்னார். "அண்ணே, நீங்க நெனைக்கிற மாதிரி அவன் வில்லன் இல்ல. காமெடி."

இதெல்லாம் சிரிப்பு. சனிக்கிழமை சிரிப்பில்லை.

சனிக்கிழமைதோறும் சித்தி புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் செய்து, வாழை இலையில் மடித்து, பழுப்புத் தாளில் பொட்டலம் கட்டுவார். பட்டுப்புடவை உடுத்துவார், பூ வைப்பார். பேருந்தில் படகுத்துறைக்குப் போய், ஃபெரி ஏறி அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போவார். மாலையில் வெறுங்கையோடு திரும்புவார். முகம் மட்டும் நிறைந்திருக்கும். எங்கே, யாருக்கு என்று அவரும் சொன்னதில்லை, அம்மாவும் கேட்டதில்லை. "ஏன்மா கேக்கல?" என்றேன் ஒருமுறை.

"கேட்டா சொல்லிருவாளோன்னு பயம்தான்."

யாரோ மனைவி மக்கள் உள்ளவர் என்பது குடும்பத்தின் முடிவு. சிறுநீரகம் கெட்டு இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டி வந்தபோது அது உறுதியாயிற்று. எந்த நாள் வசதி என்று தாதி கேட்க, சித்தி சொன்ன ஒரே வார்த்தை: "சனிக்கெழம மட்டும் வேணாம்." உடம்பு நொந்து, கை வீங்கி, நடை தளர்ந்த பிறகும் பட்டுப்புடவை மட்டும் நிற்கவில்லை. கடைசி மாதத்தில்தான் நின்றது. அப்போது அவர் சன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "இன்னிக்கு என்ன கெழம?" என்று மட்டும் கேட்பார். பதில் சொல்லும்முன் அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

இறுதிச் சடங்கன்று, தலையில் வெள்ளைத் தொப்பியோடு முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். பத்திரிகையில் இரங்கல் படம் பார்த்து வந்ததாகச் சொன்னார். கையில் பழுப்புத் தாள் பொட்டலம்! அதைச் சித்தியின் காலடியில் வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே கிளம்பிப் போய்விட்டார். மாமா என் காதருகே வந்து, "இவன்தான்" என்றார்.

அதனால்தான் அந்தப் பந்தி நிபந்தனை. அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "எல்லாத்தையும் கெளறிப் பார்க்குற ஆளாச்சே நீ. போய்ப் பாத்துட்டு வா. என்னவா இருந்தாலும் என்கிட்ட மொதல்ல சொல்லு."

அடுத்த சனிக்கிழமையே ஃபெரி ஏறினேன். பட்டர்வொர்த்தில் படகுத்துறையை ஒட்டியே ரயில் நிலையம். அங்கே ஒரு தேநீர்க் கடையின் கல்லாவில் அதே வெள்ளைத் தொப்பி. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "நம்ம அக்காவோட அக்கா மகதானே? ஒக்காரும்மா." நான் கேட்காமலே தேநீர் வந்தது, ரொட்டி வந்தது. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

"பாய், எங்க சித்தி இங்க யாரப் பார்க்க வந்தாங்க?" என்று நேராகவே கேட்டேன்.

அவர் பயணிகள் காத்திருக்கும் கூடத்தைக் காட்டினார். "யாருன்னு சொல்லும்மா? வழியனுப்ப ஆளில்லாம தனியாப் பெட்டியோட ஒக்காந்திருப்பாங்கல்ல, அந்த மாதிரி ஆளாப் பார்த்து அக்கா போவாங்க. 'வழியில சாப்பிடுங்க'ன்னு பொட்டலத்த நீட்டுவாங்க. அவ்ளோதான். டிரெயினுக்குக் கூப்பிடுறதுக்குள்ள அந்தப் புள்ளைங்க மனசுல இருக்கிறத எல்லாம் கொட்டிருவாங்க. பெத்தவங்ககிட்டகூடச் சொல்லாதத."

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டயா?"

"தெரியாதவங்கன்னாதானேம்மா சொல்ல முடியும்?"

தன் கல்யாண அழைப்பிதழைப் பழைய காதலனுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் பெண், கோபித்துப் போன மனைவிக்குக் கருவாடு வாங்கிப் போகும் கணவன் என்று சித்தியின் கதை மனிதர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். 'இப்படியெல்லாம் எங்க நடக்குது' என்று அம்மா கேலி செய்தவர்கள் எல்லாரும் இந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள்.

"சரி, பட்டுப்புடவை எதுக்கு?"

பாய் சிரித்துவிட்டார். "நானும் கேட்டேன். 'சும்மா நின்னு வேடிக்கை பார்த்தா காவக்காரர் சந்தேகப்படுவாரு பாய். பூ வச்சு, கையில சோத்தோட நின்னா யாரையோ வழியனுப்ப வந்தவன்னு விட்ருவாரு'ன்னாங்க."

யாரும் சந்தேகப்படக் கூடாது என்று சித்தி உடுத்திய புடவைதான் ஒரு குடும்பத்தையே சந்தேகப்பட வைத்திருக்கிறது!

ஆனாலும் நான் விடவில்லை. "மொதப் பொட்டலம் யாருக்குக் குடுத்தாங்க?"

"அது தெரியாதும்மா. நான் கட போடுறதுக்கு முன்னாடியே வந்துட்டிருந்தாங்க." என் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டே அவர் தொடர்ந்தார். "அந்த டிரெயின்ல ஒருதடவ சன்னலோரமா ஒக்காந்து கோலாலம்பூர் வரைக்கும் போகணும்னு ஆசை அவங்களுக்கு. 'நீங்க எப்பக்கா ஏறப்போறீங்க'ன்னு கேட்டா, 'என்னை வழியனுப்ப ஒரு ஆள் வரட்டும் பாய்'னு சொல்லிச் சிரிப்பாங்க. அதான் அன்னிக்கு நான் பொட்டலம் கொண்டாந்தேன்."

சொன்னபடி அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். ஆள் யாருமில்லை என்றதும் அம்மா நிம்மதி அடைவார் என்று நினைத்தேன். ரயில் ஆசையைச் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே. ஃபெரி ஏறுனா வந்துருச்சு."

மாமா வேறு மாதிரி. "அக்கான்னு கூப்பிட்டுத்தான் எவனும் ஆரம்பிப்பான்" என்றார். இருந்தாலும் பல மாதம் இழுத்தடித்து மலருக்குச் சம்மதித்தார். எனக்கும் ஒன்று உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. சித்தியின் முதல் கதையில் நாயகி பொட்டலத்தோடு நிலையத்துக்கு ஓடுகிறாள், ரயில் போய்விட்டிருக்கிறது. அதுவும் கேட்ட கதையா? முதல் சனிக்கிழமை சித்தி யாருக்காகப் பொட்டலம் கட்டினார்? தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தவறாக நினைக்க மாட்டோம். அந்தத் தகுதி எங்களுக்கு இல்லை.

சித்தியின் கையைப் பிடித்து ஊசி ஏற்றிய தாதிகளுக்கும், அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றிய கீழ்வீட்டு அக்கா குடும்பத்துக்கும், திட்டிக்கொண்டே எல்லாச் செலவையும் முன்னின்று பார்த்த பெரிய மாமாவுக்கும், தேநீர்க் கடை பாய்க்கும், பெயர் தெரியாமல் சித்தியின் சோற்றை உண்டு தங்கள் கதையைக் கொடுத்துப் போனவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசி நன்றி அம்மாவுக்கு. போன மாதம் ஒரு சனிக்கிழமை அம்மா புளிச்சோறு செய்து பொட்டலம் கட்டினார். சித்தியின் பட்டுப்புடவையை எடுத்து உடுத்தினார். "சும்மா, அந்த பாய் சொன்னது நெசமான்னு பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பினார். நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். மாலையில் வெறுங்கையோடு திரும்பினார்.

"யாருக்குமா குடுத்தீங்க?"

அம்மா தலையிலிருந்த பூவை எடுத்துச் சித்தியின் படத்துக்கு வைத்தார். "ஒனக்கெதுக்கு?" என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் போனார்.