கப்பல் கட்டிய மாமா ஏரியில் சுற்றியது

மலையில் பிறந்தவனுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். என் தாய்மாமன் பெருமாள்மலைக்காரர். பஸ் பட்டறையில் வெல்டிங் பழகி, கல்கத்தா போய், கடற்படைக்கு ரோந்துக் கப்பல் கட்டினார். கட்டினார் என்றால் கட்டினார்தான். அறுபதுகளின் தொடக்கம் அது.

கப்பலைத் தகடு தகடாக வைத்துப் பற்றவைப்பார்கள். பற்றவைத்த இடத்தில் ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசி, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுவார்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் எண்ணெய் கசிந்து வெள்ளையில் கறை காட்டிவிடும். கறை தெரிந்தால் வெட்டியெடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாமா பற்றவைத்த இடம் வெள்ளையாகவே இருந்ததாம். இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். சிரித்தவளின் சடையைப் பிடித்து இழுத்தேன்.

ஆனால் மாமாவுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. கப்பல் கட்டுகிறேன் என்று சொல்கிற மலைக்காரனை எவன் நம்புவான்? வந்த வரனெல்லாம் தட்டிப்போய், கடைசியில் கன்னிவாடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கொடைக்கானல் குறிஞ்சியாண்டவர் கோயிலில் பார்ப்பதென்று ஏற்பாடு. எங்கள் பக்கம் அப்படித்தான். பிடிக்கவில்லையென்றால் சாமி கும்பிட வந்தோம் என்று சொல்லி மலை இறங்கிவிடலாம். யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. இதுவும் தட்டினால் தம்பி கடைசிவரை ஒண்டிக்கட்டைதான் என்று அம்மா முதல் நாளே அழுதிருந்தாள்.

கும்பிட்டு முடித்து எல்லோரும் ஏரிக்கரைக்கு வந்தோம். வாடகைப் படகுகளைப் பார்த்ததும் பெண்ணின் சித்தப்பாவுக்குக் குஷி வந்துவிட்டது.

“மாப்ள, கப்பலே கட்டுறீங்க. இந்தக் குட்டையில ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க, பாப்போம்!”

கப்பல் கட்டுகிறவருக்குப் படகு ஓட்டத் தெரியாமலா இருக்கும்? எங்கள் வீட்டில் மாமாவைத் தவிர யாரும் கடலைப் பார்த்ததில்லை. எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். நான் முதல் ஆளாகப் படகில் ஏறி உட்கார்ந்தேன். மாமாவின் முகம் போன போக்கைக் கவனிக்கவில்லை.

துடுப்பை வலித்தார். படகு வட்டமடித்தது. வேகமாக வலித்தார். வேகமாக வட்டமடித்தது. பிறகு பாசியில் போய்ச் சிக்கிக்கொண்டது.

“ஏலே, கப்பல் கரைதட்டிருச்சுடா!” என்று குதிரைக்காரப் பையன்கள் கத்தினார்கள். பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடைய அக்காள் மட்டும் ஏரிக்கு முதுகைக் காட்டித் தள்ளி நின்றாள். படகுக்காரர் வந்து எங்களைக் கயிறு கட்டி இழுத்துப்போனார்.

எனக்கு எல்லோரையும் கடித்துக் குதறலாம்போல இருந்தது. கரையேறியதும், “எங்க மாமா கட்டுன கப்பல் கடல்ல காவல் காக்குது! நீங்க என்னத்தைக் கட்டுனீங்க?” என்று கத்தினேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

பெண்ணின் அப்பா வாய் திறக்குமுன் பெண்ணே மாமாவைக் கேட்டாள். “அந்தக் கப்பல்ல நீங்க போனதே இல்லீங்களா?”

மாமா நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார். “இல்லீங்க. பத்தவைக்கிறதுதான் என் சோலி. தண்ணியில எறக்குன அன்னைக்குக் கரையில நின்னு பாத்தேன். அதுல போறது கடற்படைக்காரங்க. எனக்கு நீச்சலே தெரியாதுங்க.”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். சாமி கும்பிட வந்தோம் என்ற பேச்சு வரப்போகிறது என்று காத்திருந்தோம். பெண் தன் அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் அம்மாவைப் பார்த்து, “பூ வச்சிருவோம்மா” என்றார்.

கல்யாணம் நடந்தது. கப்பல் பல வருஷம் ரோந்து சுற்றியது. ஒரு புயலில் மீன்பிடிக்கப் போய்க் கவிழ்ந்தவர்களைத் தூக்கிவந்தது. மாமா பற்றவைத்த இடம் விரிசல் விடவே இல்லை. அத்தை அதைக் கடைத்தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். அப்போதும் எனக்கு அவள்மேல் ஆத்திரம் அடங்கவில்லை. அன்றைக்குச் சிரித்தாளே!

ஏரிக்கு முதுகைக் காட்டி நின்ற அந்த அக்காளின் புருஷன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. இது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. துடுப்புப் போடத் தெரியாத ஒருவரைப் பார்த்து ஒரு பெண் நிம்மதியில் சிரிப்பாள் என்று, பாசிக்கு நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு யார் சொன்னார்கள்?