மூன்று செபத்தில் கிளம்பும் லொறி

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. காலைப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் அன்பு வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதச் சொன்னவர் அண்ணிதான். "அவரு நல்லவருன்னு எல்லாரும் எழுதுவாங்க. நீ உள்ளத எழுது" என்றார். அதனால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அண்ணன் எல்கடுவ மலைத் தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிசன் லயத்து வரிசை வீடு ஒன்றில் பிறந்தார். எழுபதுகளில் மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்து தோட்டமே பட்டினி கிடந்த காலத்தில் அப்பா தவறிவிட்டார். அப்போது எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. அம்மா கொழுந்து எடுக்கப் போனார். அண்ணன் தோட்டத்து லொறியில் கிளீனராக ஏறினார். ஐந்தாறு வருடத்தில் அதே லொறிக்கு டிரைவர் ஆனார். உக்குவளை ரயில் ஸ்டேசனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போவதும், வரும்போது அரிசி மூட்டை ஏற்றி வருவதும் அவர் வேலை. என்னைப் பத்தாம் வகுப்பு வரை படிக்க வைத்ததும், கலியாணம் செய்து வைத்ததும் அந்த வேலைதான்.

அந்த லொறி ஒரு கிழட்டு டீசல் வண்டி. டீசல் எஞ்சினுக்குள் எண்ணெய் பற்ற வேண்டுமானால் உள்ளே சூடு வேண்டும். மலைக் குளிரில் அந்தச் சூட்டைக் கொடுப்பது ஹீட்டர் பிளக். சாவியை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தால் நான்கு பிளக்கும் மெல்லச் சூடேறும். டிரைவருக்கு முன்னால் ஒரு சின்னக் கம்பிச் சுருள் சிவந்து காட்டும். அவசரப்பட்டால் வண்டி இருமிவிட்டு நிற்கும். அதிக நேரம் பிடித்தால் பிளக் எரிந்து போகும். அண்ணனிடம் கைக்கடிகாரம் கிடையாது. அவர் செபத்தால் அளந்தார். வெயில் நாளில் ஒரு 'அருள் நிறைந்த மரியே', மழை நாளில் இரண்டு, மார்கழிப் பனியில் மூன்று.

தினமும் ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்து முணுமுணுப்பவரைக் கண்ட எங்கள் பங்குச் சாமி, ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், "இந்த டிரைவரைப் பாருங்கள், செபம் சொல்லாமல் வண்டி எடுப்பதே இல்லை" என்று புகழ்ந்துவிட்டார். அண்ணனும் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். இன்று வரை அவரைப் பக்திமான் என்று நம்பியிருப்பவர்கள் மன்னிக்கவும். பக்தி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் செபம் பிளக்குக்காகச் சொன்னது.

தோட்டத்தில் கொடுத்த கம்பளியையும் அவர் எஞ்சின் மேல்தான் போர்த்துவார். "எங்களுக்கு இல்லாத கம்பளி வண்டிக்கா?" என்று அண்ணி சண்டை போடுவார். "நீ காலையில தானா எந்திரிச்சிருவ, அது எந்திரிக்காதுல்ல" என்பார் அண்ணன். பிடிவாதக்காரர். என் கணவரோடு ஒரு சின்ன விசயத்துக்கு ஒரு வருடம் பேசாமல் இருந்தவர்.

எண்பதுகளின் கடைசியில் மாத்தளைப் பக்கம் இருந்த நிலைமை உங்களுக்குத் தெரியும். வெளியே போன ஆள் திரும்பி வருவானா என்று தெரியாது. ஊரடங்கில் தெருவில் இறங்கினால் ஆமிக்காரருக்கும் பயப்பட வேண்டும், அரசாங்கத்தை எதிர்த்துத் துவக்கு ஏந்திய சிங்கள இளைஞர்களுக்கும் பயப்பட வேண்டும். அந்த நேரத்தில்தான் எனக்கு முதல் பிள்ளை. கணவர் கொழும்பில் கடை வேலையில் இருந்தார். விடியற்காலை வலி கண்டது. தோட்டத்து மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஊரடங்கு முடிய இன்னும் நேரம் இருந்தது. அண்ணன் லொறிக்கு ஓடினார். கம்பளியை எஞ்சினிலிருந்து எடுத்து என் மேல் போர்த்தினார். டிரைவர் பக்கத்து நீள சீட்டில், அண்ணியின் மடியில் என்னைச் சாய்த்துக்கொண்டு புறப்பட்டோம்.

ஒரு மைல் போயிருப்போம். பாலத்தடிப் பள்ளத்தில் ஆமிக்காரர் மறித்தார்கள். எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினால் எழும்பாது என்று அண்ணன் சிங்களத்தில் கெஞ்சினார். துவக்கைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். விடுவதா கூடாதா என்று மேலிடத்தில் கேட்டு ரேடியோவில் பதில் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தூறலும் பனியுமாக எஞ்சின் விறைத்துப் போனது. எனக்கோ உயிர் போய் உயிர் வந்தது.

போகலாம் என்று பதில் வந்தபோது, கம்பிச் சுருள் சிவக்கவே இல்லை. நான்கு பிளக்கும் ஒரே வரிசையில் கோத்தவை. ஒன்று எரிந்தால் நான்கும் செத்தது போலத்தான். முன்னாலும் ஏற்றம், பின்னாலும் ஏற்றம். தள்ளி எழுப்பவும் வழியில்லை.

அண்ணன் எஞ்சின் மூடியைத் திறந்து, சாக்குத் துண்டைக் கையில் சுற்றி, ஒரு ஸ்குரூட்ரைவரால் ஒவ்வொரு பிளக்காகக் குறுக்கே தொட்டுப் பார்க்க ஆயத்தமானார். செத்த பிளக்கைத் தாண்டி மின்சாரம் போனால் மற்ற மூன்றும் சூடேறும். ஆனால் அவர் கையை எடுக்க முடியாது. சாவியைத் திருப்ப ஆள் வேண்டும். அங்கே பொறுப்பாக இருந்த நடுத்தர வயது சார்ஜன்ட் தானாகவே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மூன்றாவது பிளக்கைத் தொட்டபோது, சிவக்கிறது என்று சிங்களத்தில் கத்தினார்.

"தங்கச்சி, ரெண்டு செபம் சொல்லு. சத்தமா சொல்லு. முடிஞ்சதும் சார் ஸ்டார்ட் பண்ணுவாரு" என்றார் அண்ணன். நான்கு பிளக்குக்கான மின்சாரம் மூன்றில் பாய்வதால், மூன்று சொன்னால் மிச்சமிருந்த பிளக்குகளும் எரிந்துவிடுமாம்.

வலி நெருக்கிய நேரம். நான் ஒரே மூச்சில் இரண்டையும் கொட்டி முடித்தேன். சார்ஜன்ட் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, புகைத்தது, நின்றது.

"என்னாடி, பஸ்ஸப் புடிக்கப் போற மாதிரி செபம் சொல்ற! பெட்டரி இன்னும் ஒரு தடவைக்குத்தான் தாங்கும். மெதுவா சொல்லு."

"எனக்கு முடியலண்ணே."

"முடியும். பூசையில ஆச்சிமாரெல்லாம் இழுத்து இழுத்துச் சொல்லுவாங்கல்ல, அப்படிச் சொல்லு."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னேன். நடுவில் வலி வந்தது. கத்தாமல், பல்லைக் கடித்து, விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ஒரு செபம் நான் சொன்னதில்லை. சார்ஜன்டுக்குத் தமிழ் தெரியாது. ஆமென் மட்டும் புரிந்தது. முதல் ஆமெனுக்கு ஒரு விரலை மடக்கினார், இரண்டாவதற்குச் சாவியைத் திருப்பினார். லொறி கிளம்பியது. ஆமிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்கள்.

அண்ணனின் உள்ளங்கை சாக்கையும் மீறிச் சுட்டிருந்தது. அந்தக் கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார். இறங்கிப்போன சார்ஜன்ட் ஜன்னலில் தட்டி, திரும்பி வரும்போது என்ன பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போ என்றார். அன்று காலையே எனக்கு ஆபரேசன் நடந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன.

மூன்றாம் நாள் அண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பாலத்தடிக்குப் போனார். அங்கே மண்மூட்டைகள் மட்டும் கிடந்தன. ஆட்களை வேறெங்கோ மாற்றியிருந்தார்கள். பெயரைக் கேட்டு வைக்கவில்லையே என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தச் சோதனைச் சாவடியில் வண்டியை மறித்தாலும், நாங்கள் எல்லோரும் அடையாள அட்டையைத் தேட, இவர் முகங்களைத் தேடுவார். ஒருமுறை ஒரு சிப்பாய் சந்தேகப்பட்டு, எதற்கடா முறைக்கிறாய் என்று இறக்கிவிட்டார். "விடுண்ணே, இன்னேரம் அவரு எங்க இருக்காரோ" என்று நான் கோபித்திருக்கிறேன். அப்படிச் சொன்னதற்காக இன்றைக்கு வருந்துகிறேன்.

நெஞ்சு வலியால் படுத்த கடைசி வாரத்தில், "கேட்ட ஆளுக்கு ஒரு பதில் சொல்லாமப் போறேனே" என்றுதான் அண்ணன் குறைப்பட்டார். வேறு குறை அவருக்கு இல்லை. தன் பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போவதைப் பார்த்துவிட்டார். தன் தங்கை மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, லயத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பதையும் பார்த்துவிட்டார்.

அந்த நாட்களில் அண்ணன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், சோறு சமைத்து அனுப்பிய உக்குவளை முஸ்லிம் குடும்பத்துக்கும், சவப்பெட்டியை மலையேற்றித் தூக்கி வந்த தோட்டத்துத் தம்பிமாருக்கும், பூசை வைத்த சாமிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒருவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். இந்த மலர் அவர் கைக்குப் போய்ச் சேருமா, அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று தெரியாது. என் மகள் இந்தக் கடைசி வரியைச் சிங்களத்திலும் எழுதி, மலரின் பின்னட்டையில் அச்சிடக் கொடுத்திருக்கிறாள்.

ஐயா, பெண் பிள்ளை. நன்றாக இருக்கிறாள். எங்கள் அண்ணன் உங்களிடம் சொல்லச் சொன்னார்.