வேலிப் பொட்டால் போன அரைக் குளிசை

புதன்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் யார் ஏறுகிறார்கள் என்று அந்தக் கடற்கரை ஊரில் எல்லோரும் கவனிப்பார்கள். ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் அன்றைக்குத்தான். கலிஸ்ரா ஒளிக்காமல் ஏறினார். நாற்பத்தாறு வயது, தனி ஆள். படகு கொண்டுவரும் வலையில் இருந்து மீன் கழற்றுவதுதான் தொழில்.

அந்தத் தொழிலுக்குக் கை நடுங்கக்கூடாது. கலிஸ்ராவுக்கு நடுங்கியது. விடிந்தால் எழும்ப மனமில்லை, எழும்பினால் அழுகை. அவர் கழற்றிய மீன்கள் தலை பிய்ந்து வந்தன. படகுக்காரர் யோசெப் சம்மாட்டி கெடு வைத்தார்.

“மடு மாதா திருநாள் வரைக்கும் பாப்பன் பிள்ளை. பிறகு வேற ஆளைத்தான் போடவேணும்.”

கிளினிக்கில் கொடுத்த மருந்துக் குளிசை முதல் இரண்டு மாதத்தில் வேலை செய்தது. கலிஸ்ரா தலை வாரி இழுத்தார், கறி காய்ச்சினார். அதைக் கண்டுதான் பக்கத்து வீட்டு மரியமலர் வந்தார்.

“நெஞ்சு படபடக்குது கலிஸ்ரா. நித்திரையே இல்லை. ஆரும் படலையில கூப்பிட்டாலே கால் நடுங்குது.”

“கிளினிக்குக்கு வாங்கோவன் அக்கா.”

“உனக்கென்ன விசரே? என்ர மகள் டக்சாயினிக்குச் சம்மந்தம் பேசுறம். என்னைப் புதன்கிழமை பஸ்ஸில கண்டா, விசரியின்ர பெட்டை எண்டு மாப்பிள்ளை வீட்டார் ஓடிடுவினம்.”

“அப்ப நான் விசரியோ?”

“நீ என்ர தங்கச்சியெல்லே.”

இரண்டு வளவுக்கும் நடுவே தென்னோலைக் கிடுகு வேலி. அதில் ஆள் குனிந்து போகக்கூடிய ஓட்டை; பொட்டு என்பார்கள். ஒரு வீட்டில் கறி காய்ச்சினால் மற்ற வீட்டுக்கு அந்தப் பொட்டால் ஒரு கிண்ணம் போகும். அன்று முதல் கிண்ணத்தோடு, பேப்பரில் சுற்றிய அரைக் குளிசையும் போனது. கலிஸ்ரா பிளேடால் நேராக வெட்டுவார். அதில் பிழை இருப்பதாக இருவருக்கும் தோன்றவில்லை.

மரியமலருக்கு நித்திரை வரவில்லை. கலிஸ்ராவின் கை மறுபடி நடுங்கத் தொடங்கியது. டொக்டர் மருந்தைக் கூட்டினார். கூட்டியதையும் கலிஸ்ரா வெட்டினார்.

ஆடி மாதக் கிளினிக்கில் டொக்டர் பேனையை வைத்துவிட்டார்.

“இந்த மருந்து உங்களுக்குச் சரிவரேல்லை. ஆஸ்பத்திரி வாட்டில மூண்டு கிழமை நிண்டு, வேற மருந்து பாப்பம்.”

மூன்று வாரம் நின்றால் மடுத் திருநாள் போய்விடும், வலையில் இடம் இல்லை. கலிஸ்ரா சேலைத் தலைப்பை முறுக்கினார்.

“மருந்தில பிழையில்லை டொக்டர். நான் அரைவாசிதான் போட்டனான்.”

“மற்ற அரைவாசி?”

“ஒரு அக்காவுக்குக் குடுத்தனான். அவாவுக்கும் நித்திரையில்லை.”

பக்கத்தில் நின்ற நேர்ஸ் சிரித்துவிட்டார். “என்னம்மா, இதென்ன மீன்குழம்போ பங்கு போட?”

டொக்டர் சிரிக்கவில்லை. “அதுதான் ரெண்டு பேருக்கும் சுகமில்லை. நீங்கள் முழுசாப் போடுங்கோ, வாட்டு வேண்டாம். அவாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

பின்னேரம் கலிஸ்ரா பொட்டடியில் நின்றார்.

“இனி அரை இல்லை அக்கா, டொக்டர் மறிச்சுப்போட்டார். அடுத்த கிளினிக்குக்கு ரெண்டு பேரும் போவம். பஸ்ஸில பின் சீற்றில இருந்தா ஆருக்கும் தெரியாது.”

“ஆருக்குச் சொன்னனீ?”

“டொக்டருக்கு மட்டும். பேர் சொல்லேல்லை.”

“சொல்லிப்போட்டாய், என்ன?” மரியமலர் திரும்பி உள்ளே போனார்.

மறுநாள் விடிய, பொட்டுக்குப் புதுக் கிடுகு வைத்துக் கட்டியிருந்தது.

மடுத் திருநாள் வந்துபோனது. கலிஸ்ராவின் கை நடுக்கம் முழுவதும் நிற்கவில்லை; ஆனால் மீன் தலையோடு வந்தது. யோசெப் வேறு ஆளைத் தேடவில்லை. வலையின் ஒரு தலைப்பைக் கலிஸ்ராவின் பக்கம் தள்ளிவிட்டார், அவ்வளவுதான்.

அன்று கூலியோடு கொஞ்சம் சூடை மீனும் கிடைத்தது. குழம்பு வைத்தார். கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு வேலியடிக்குப் போன பிறகுதான் பொட்டு அடைத்தது ஞாபகம் வந்தது. தெரு ஒழுங்கையால் சுற்றி மரியமலரின் வாசல் படலைக்குப் போனார். படலை உள்ளே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

வீட்டுக்குள் ஒருவர் முன்னுக்கும் பின்னுக்கும் நடக்கும் சத்தம் கேட்டது.

“அக்கா.”

நடை நின்றது. கலிஸ்ரா கிண்ணம் ஆறும்வரை நின்றார். பிறகு திரும்பி நடந்தார். ஒழுங்கை வளைவில், நடை மறுபடி தொடங்குவது கேட்டது.