முதலிடத்துப் பாட்டும் மூன்றாவது அறிவிப்பும்

மவுண்ட் வெல்லிங்டனில் பேக்கரிக்குப் பாண் லொறி ஓட்டும் கிளெமென்ட் இருபது வருடங்களாக ஆங்கிலத்தில் கன்ட்ரி பாட்டு எழுதுகிறார். பாபகூராவில் ஒரு கிளப்பில் மாதம் ஒருமுறை அகலத் தொப்பி போட்டுப் பாடுவார். மரியாதைக்குக் கைதட்டுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவருடைய காதல் பாட்டு ஒன்று, அவர் குடியேறிய நாட்டின் கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பிடித்தது.

பாட்டு மோசமில்லை. காலை ரயிலில் ஒரு பெண் இடுப்பைத் தாண்டிய ஈரக் கூந்தலை விரித்து உலர்த்துகிறாள். மடியில் மாதா கோயில் பாட்டுத் தாள்கள். பார்த்துக்கொண்டே இருந்தவன் தன் ஸ்டேஷனில் இறங்க மறந்துபோகிறான்.

மவுண்ட் ரோஸ்கில்லில் தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லோருக்கும் அது அஞ்சலினா என்று தெரிந்தது. கோயிலில் கீபோர்ட் வாசிப்பவள். லொறி பழுதான ஒரு நாள் கிளெமென்ட் அவளை ரயிலில் தூரத்திலிருந்து கண்டார்; கதைக்கக்கூட இல்லை. கூந்தலையும் தாள்களையும் மட்டும் பாட்டுக்கு எடுத்துக்கொண்டார்.

நாற்பத்தொரு வயதில் அஞ்சலினாவுக்குக் கல்யாணம் சரிவந்திருந்தது. ஹமில்டனில் இருக்கும் வசீகரன் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பு வாசிக்க வேண்டும். தடை தெரிந்தவர்கள் சுவாமியாரிடம் சொல்லலாம். இரண்டு முறை வாசித்தாயிற்று. அந்த வாரம் மாப்பிள்ளையின் அக்கா காரில் பாட்டைக் கேட்டுவிட்டுச் சுவாமியாருக்குப் போன் எடுத்தாள். பாட்டெல்லாம் தடையாகாது என்றார் அவர். அப்படியென்றால் யாரைப் பற்றியது என்று பாடியவரே எல்லோருக்கும் கேட்கச் சொல்லட்டும், அதுவரை மூன்றாவது அறிவிப்பை நிறுத்துங்கள் என்றாள் அவள். சுவாமியார் சம்மதித்தார்.

சனிக்கிழமை கிளெமென்ட்டுக்கு ரேடியோவில் பேட்டி. வெள்ளி மாலை அஞ்சலினா அவர் வீட்டுக்கு வந்தாள், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"அண்ணை, நாளைக்குக் கேப்பினம். ஆரெண்டே தெரியாத பொம்பிளை எண்டாவது சொல்லுங்கோ. ஒரு வரி சொன்னாக் காணும்."

"ஓம் தங்கச்சி, சொல்லுறன்."

கிளெமென்ட்டின் மனைவி அன்ரனீற்றாவின் தலைமயிர் கழுத்தைத் தாண்டியதே இல்லை. "என்னைத்தான் எண்டு சொல்லுங்கோவன்," என்றாள் அவள். "நான் டோப்பா வைச்சுக்கொண்டு பூசைக்கு வாறன்."

அவர் சொல்லத்தான் போனார். ஸ்டூடியோவில் நிகழ்ச்சி நடத்துபவள், அந்தப் பெண் யாரென்று நாடே ஊகித்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் பாட்டு ஓடுகிறது என்றாள். பிறகு மைக் முன்னால் அதே கேள்வியைக் கேட்டாள். கிளெமென்ட் கொஞ்சம் யோசித்தார். தன்னை ஒருவரும் இப்படி ஆவலாகப் பார்த்ததில்லை. சிரித்தார். அந்தப் பெண் யாரென்று அவளுக்கே தெரியும், அது போதும் என்றார்.

ஞாயிறு பூசையின் கடைசியில் சுவாமியார் அறிவிப்புகளை வாசித்தார். மூன்றாவது கல்யாண அறிவிப்பு அதில் இருக்கவில்லை. நம் சபையைச் சேர்ந்த ஒருவர் இந்த நாட்டில் இரண்டாவது வாரமும் முதலிடத்தில் நிற்கிறார் என்று சொல்லி, கிளெமென்ட்டை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். சிலர் கீபோர்ட் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தட்டினார்கள்.

முடிவுப் பாட்டைத் தொடங்க வேண்டியவள் அஞ்சலினா. கைதட்டல் அடங்கும் வரை அவள் காத்திருக்க வேண்டியிருந்தது.