மலை மறைத்த சூரியன்

பொழுது சாய்ந்தபின் உண்டால், விளக்கில் வந்து விழும் பூச்சிகளின் பாவம் சேரும் என்று எங்கள் சமணக் குடும்பம் நம்பியது. நேற்று மாலை ஆறு மணிக்குத் தோழிகளோடு ஓட்டலில் அமர்ந்தபோதும், நெடுநேரம் கழித்து வந்த சவசவத்த தோசையை விட்டு என் கண் ஜன்னலுக்கே ஓடியது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், நான் சிறுமியாக இருந்தபோது ஒருநாள், செஞ்சியில் ஒரு காபி கிளப்பில், எங்கள் நைனா எனக்கும் என் தோழி லூர்துவுக்கும் தோசை சொன்னார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசல் வெயில் சுருங்கிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக வந்தது, உளுந்தே இல்லாத வறட்டுத் தோசை. ஒரு வாய் வைப்பதற்குள் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் மறைந்தது.

"எழுந்திரும்மா, பொழுது போயிடுச்சி," என்றார் நைனா. "நீ சாப்டு லூர்து, உனக்கு இன்னா?"

கத்தோலிக்கப் பெண்ணான அவளுக்குத் தடையேதும் இல்லை. ஆனாலும் தட்டைத் தள்ளிவிட்டு எங்களோடு எழுந்தாள்.

ஊர் திரும்பும் மாட்டுவண்டி மலையின் மறைப்பைத் தாண்டியதும் வயல்மேல் பளிச்சென்று வெயில் அடித்தது.

"மாமா, சூரியன் அங்க இன்னா பண்ணுது?" என்றாள் லூர்து.

நேற்று எதிரே அமர்ந்திருந்த லூர்து, என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டாள்.

"இங்க மலை இல்லடி, சாப்டு."

அந்த வண்டியில் பசியோடு வந்த மூவரில் நாங்கள் இருவர் இருக்கிறோம்.